நுழைவதற்குப் பாதுகாப்பற்ற தமிழ்

குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் அண்மையில் ஓர் அறிவிப்புப் பலகையைக் கண்டோம்: 'மருந்து தெளிக்கப்பட்டுள்ள இப்பகுதி நுழைவதற்குப் பாதுகாப்பற்றது.' பெயரடையை முன்வைத்து 'டு' சேர்ந்த வினையைப் பின்வைக்கும் 'அன்சேஃப் டு என்டர்' என்ற ஆங்கிலத் தொடரின் நிழல் இது. தமிழில் எச்சரிப்பவர் இப்படியா சொல்வார்? 'மருந்து தெளித்திருக்கிறது, உள்ளே போகாதீர்கள்' என்பார்.

தூய்மைவாதம் என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். 'பார்க்க அழகு', 'சொல்ல எளிது' என்பன நம் வழக்கே. பண்புச்சொல்லுக்கு முன் செயவென் எச்சம் வருவது நமக்குப் புதிதன்று. எல்லாவற்றையும் அந்த ஒரே அச்சில் வார்ப்பதையே மறுக்கிறோம்.

அந்த அச்சு ஆங்கிலத்திலேயே மயக்கம் தருவது. 'ஈகர் டு ப்ளீஸ்', 'ஈஸி டு ப்ளீஸ்' இரண்டும் தோற்றத்தில் ஒன்று. முன்னதில் ஜான் மகிழ்விப்பவன், பின்னதில் மகிழ்விக்கப்படுபவன் என்று 1960களில் சாம்ஸ்கி பிரித்துக் காட்டவேண்டியிருந்தது. தமிழோ 'மகிழ்விக்கத் துடிப்பவன்', 'எளிதில் மகிழ்பவன்' என்று வினையிலேயே பிரித்துவிடுகிறது. இந்தத் தெளிவை விற்றா நாம் மயக்கத்தை வாங்குவது?

நீலகிரியில் கொழுந்து பறிப்போரில் பலர் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்தம் மக்களும். அவர்களுக்காகத்தான் அப்பலகை தமிழில் நிற்கிறது. கூடையோடு விரைபவருக்கு, எதைச் செய்யக்கூடாது என்பதே முதலில் கண்ணில் படவேண்டும். பெயரடை ஆபத்தை வருணிக்கும். வினைதான் ஆளைத் தடுக்கும்.