நாட்டை ஆள்பவர்களிடம் விவசாயி எதை எதிர்பார்க்கலாம்?

கேள்வி: ''தேர்தல் வந்தால் பச்சைத்துண்டு போட்டுக்கொண்டு வயலில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். டெல்லிக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள். மாநில அரசிடமாவது தாலுகா ஆபீஸ் முன்பு உட்கார்ந்து கேட்கலாம். நாட்டையே ஆளும் தலைவர்களிடம் எங்களைப் போன்ற சிறு விவசாயிகள் எதைத்தான் எதிர்பார்ப்பது?''

- வாசகர், நீடாமங்கலம்.

பதில்: முதலில் எது டெல்லியின் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அரசியலமைப்புச் சட்டப்படி விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால், விவசாயியின் வரவையும் செலவையும் தீர்மானிக்கிற பல முடிவுகள் மத்திய அரசிடம்தான் உள்ளன. குறைந்தபட்ச ஆதரவு விலை, உர மானியம், ஏற்றுமதித் தடை, இறக்குமதி வரி, பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகள் எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டதும், 2024 மே மாதம் அதை நீக்கியதும் டெல்லிதான்.

டெல்டா விவசாயிகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், நெல்லின் ஈரப்பதம். கொள்முதல் நிலையத்தில் நெல்லை வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். ஆனால், 17 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் வாங்கக் கூடாது என்ற விதியை வகுத்தது மத்திய அரசு. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மாநில அரசு தளர்வு கேட்டுக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். உத்தரவு வருவதற்குள் சாலையோரம் கொட்டிய நெல் முளைவிட்டிருக்கும். தளர்வு கிடைக்கும் ஆண்டிலும் அது தாமதமாகக் கிடைத்தால், நஷ்டம் விவசாயிக்குத்தான்.

'நெல்லுக்கு நிவாரணம் கொடுங்கள்' என்று ஒரு தலைவரிடம் கேட்டால், அது அந்த ஆண்டோடு முடிந்துபோகும். 'மழை இவ்வளவு பெய்தால், இத்தனை நாளுக்குள் தளர்வு தானாக நடைமுறைக்கு வரவேண்டும் என்று விதியை மாற்றுங்கள்' என்று கேட்டால், அது எல்லா ஆண்டுகளுக்கும் உதவும். நாட்டை ஆள்பவர்களிடம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது இப்படிப்பட்ட விதிமுறை மாற்றத்தைத்தான்.

இப்படி எதிர்பார்ப்பது பேராசை இல்லை. இதைச் செய்துகாட்டிய தலைவர்கள் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள்.

பின்னால் வருபவர்களுக்காக முடிவெடுப்பது

1964 ஜூன் மாதம் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். உணவு, விவசாயத்துறையை சி.சுப்பிரமணியத்திடம் ஒப்படைத்தார். பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர் சி.எஸ். அதற்கு முன்பு எஃகுத்துறையைக் கவனித்தவர். அந்தக் காலத்தில் விவசாயத்துறை யாரும் ஆசைப்பட்டு வாங்கும் துறை அல்ல. நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது.

1965-ம் ஆண்டு ஜனவரியில் இரண்டு அமைப்புகள் உருவாயின. ஒன்று, இந்திய உணவுக் கழகம். அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. மற்றொன்று, விவசாய விலைக் குழு. இன்றைக்கு ஆதரவு விலையைப் பரிந்துரை செய்கிற ஆணையம் அதன் தொடர்ச்சிதான். 'விவசாயிக்குக் கட்டுப்படியான விலை கிடைத்தால்தான் அவர் விளைச்சலைப் பெருக்குவார்' என்ற எண்ணம் அப்போதுதான் அரசாங்கத்தின் கொள்கையானது. அதற்கு முன்பு, நகரத்தில் அரிசி, கோதுமை விலை ஏறக் கூடாது என்பதே பெரிய கவலையாக இருந்தது.

அதே 1965-ல், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு, நிர்வாக அதிகாரிக்குப் பதிலாக, பி.பி.பால் என்ற விஞ்ஞானி கொண்டுவரப்பட்டார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதியானது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடாக இருந்த நேரம். அரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. நாடாளுமன்றத்திலும் கடும் விமர்சனம். இருந்தும் முடிவில் உறுதியாக நின்றார் சி.எஸ்.

1967 தேர்தலில் அவர் தோற்றுப்போனார். அடுத்த ஆண்டு, 1968-ல் கோதுமை விளைச்சல் அதுவரை காணாத அளவுக்குப் பெருகியது. அதைக் கொண்டாடி அஞ்சல்தலை வெளியிட்டார் இந்திரா காந்தி. விதைத்தவர் பதவியில் இருக்கும்போது அறுவடை வரவில்லை. தென்னங்கன்று நடுகிறவர், இளநீர் தன் காலத்தில் கிடைக்குமா என்று கணக்குப் பார்த்து நடுவதில்லை. நாட்டுத் தலைவர்களிடமும் இந்தக் குணத்தை எதிர்பார்க்க விவசாயிக்கு உரிமை உண்டு.

இடத்துக்கு வந்து கேட்பது

1964 அக்டோபர் மாதம், குஜராத்தில் ஆனந்த் பகுதியில் ஒரு கால்நடைத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்துவைக்கச் சென்றார் சாஸ்திரி. முந்தைய இரவு பக்கத்துக் கிராமத்தில், ஒரு விவசாயி வீட்டில் தங்கினார். ஊர் மக்களோடு பேசினார். பாலுக்கு என்ன விலை கிடைக்கிறது, சங்கம் எப்படி நடக்கிறது என்று விசாரித்தார். பால் உற்பத்தியாளர்களே சங்கத்தின் உரிமையாளர்களாக இருப்பதுதான் வெற்றிக்குக் காரணம் என்று தெரிந்துகொண்டார். அந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுபோக, 1965-ல் தேசிய பால்வள வாரியம் அமைந்தது. அதன் தலைமையகம் டெல்லியில் அல்ல, ஆனந்திலேயே அமைந்தது.

கிராமத்துக்கு வருகிற தலைவர் எத்தனை பேருக்குக் கை கொடுத்தார் என்பது முக்கியமில்லை. திரும்பிப் போய் எதை மாற்றினார் என்பதுதான் கணக்கு.

தவறு நடந்தால் பொறுப்பேற்பது

1956 நவம்பரில் அரியலூர் அருகே வெள்ளத்தில் பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டில் மெகபூப்நகர் அருகே நடந்த ரயில் விபத்துக்கும் ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தார். அதைப் பிரதமர் நேரு ஏற்கவில்லை. இரண்டாவது முறை ஏற்றுக்கொண்டார். பாலம் உடைந்ததற்கு அமைச்சர் நேரடிக் காரணம் இல்லை என்று நேருவுக்கும் தெரியும். ஆனாலும், துறைக்குத் தலைவர்தான் பொறுப்பு என்பதற்கு அது முன்மாதிரியாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

ஒவ்வொரு தவறுக்கும் அமைச்சர் பதவி விலக வேண்டும் என்பது இல்லை. காப்பீட்டுத் தொகை வராமல் போனால், உரம் நேரத்துக்குக் கிடைக்காமல் போனால், 'ஏன் இப்படி ஆனது, இனி என்ன செய்யப்போகிறோம்' என்று நாடாளுமன்றத்தில் எழுந்து சொல்ல வேண்டும். மாநிலத்தின் மீது மத்திய அரசும், மத்திய அரசின் மீது மாநிலமும் பழி போட்டுக்கொண்டால், நடுவில் நிற்கும் விவசாயிக்கு ஒன்றும் கிடைக்காது.

சட்டம் போடும் முன் கேட்பது

2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்களை ஆதரித்தவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. அவை நல்லவையா, கெட்டவையா என்ற வாதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் அவசரச் சட்டமாக வந்தன. செப்டம்பரில், நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்படாமலே நிறைவேறின. அதன்பிறகு டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் போராடினார்கள். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. புதிய சட்டத்தின் வரைவைக் குறைந்தது 30 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-லேயே மத்திய அரசு ஒரு வழிமுறை வகுத்திருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும், அதை மதித்து நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமானது.

எதை எதிர்பார்க்க வேண்டாம்?

கலப்பை பிடிக்கத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தெரிந்தவர்களிடம் கேட்கும் மனம் இருந்தால் போதும். கடன் தள்ளுபடி வாக்குறுதியை மட்டுமே வைத்து ஒரு தலைவரை எடை போடவும் வேண்டாம். 2008-ல் மத்திய அரசு அறிவித்த தள்ளுபடி, வங்கி, கூட்டுறவுச் சங்கம் போன்ற நிறுவனங்களில் வாங்கிய கடனுக்கு மட்டும்தான் பொருந்தியது. வட்டிக்கடைக்காரரிடம் வாங்கியவர்களுக்கும், வங்கியே கடன் கொடுக்காத குத்தகைதாரர்களுக்கும் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவசரத்துக்குத் தள்ளுபடி தேவைப்படலாம். ஆனால், குத்தகைதாரருக்கும் கடன் கிடைக்க வழி செய்கிறவர்தான் நீண்ட நாளைக்கு உதவுகிறவர்.

கேள்வி: ''பசுமைப் புரட்சியைக் கொண்டுவந்தவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால், அதனால்தானே மண் கெட்டது, நாட்டு ரகங்கள் காணாமல் போயின? அந்தத் தலைவர்களை எப்படி முன்மாதிரி என்று சொல்ல முடியும்?''

- வாசகர், திருத்துறைப்பூண்டி.

பதில்: கேள்வி நியாயமானது. 1965-66-ல் கடும் வறட்சி. முந்தைய ஆண்டு சுமார் 89 மில்லியன் டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, சுமார் 72 மில்லியன் டன்னாகச் சரிந்தது. பஞ்சம் வாசலில் நின்றபோது எடுத்த முடிவு அது. கப்பல் அனுப்புவதையும் நிறுத்துவதையும் வைத்தே அமெரிக்கா இந்தியாவை நெருக்கியது. அந்த நிலையில் நாட்டுக்குச் சோறு போட்ட முடிவைக் குறை சொல்வது கடினம்.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே எம்.எஸ்.சுவாமிநாதன் எச்சரித்தார். மண்வளத்தைக் காக்காமல் சுரண்டிப் பயிர் செய்வது, கண்மூடித்தனமாகப் பூச்சிக்கொல்லி அடிப்பது, நிலத்தடி நீரை உறிஞ்சுவது, உள்ளூர் ரகங்களுக்குப் பதில் ஓரிரு ரகங்களையே எங்கும் பயிரிடுவது ஆகியவை ஆபத்தில் முடியும் என்றார். புதிய ரகங்களைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவரே சொன்ன வார்த்தை இது. அடுத்தடுத்து ஆண்டவர்கள் விளைச்சல் கணக்கை மட்டும் பார்த்தார்கள். எச்சரிக்கையை ஓரமாக வைத்தார்கள்.

மருந்து கொடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த வைத்தியர், மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். எனவே, தலைவர்களிடம் எதிர்பார்க்க வேண்டியவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: எடுத்த முடிவின் பின்விளைவைக் கவனிப்பது, நல்லது செய்த திட்டமே கெடுதல் செய்யத் தொடங்கினால், கௌரவம் பார்க்காமல் திருத்துவது. இன்றைக்கும் யூரியாவுக்குக் கிடைக்கும் மானியத்தோடு ஒப்பிட்டால், தொழுஉரம் போட்டு மண்ணைத் தேற்றுகிறவருக்குக் கிடைக்கும் ஊக்கம் மிகக் குறைவு. மாற வேண்டியது இதுதான்.

கேள்வி: ''எங்கள் எம்.பி-யிடம் மனு கொடுத்தால் வாங்கி உதவியாளரிடம் கொடுத்துவிடுகிறார். பிறகு பதிலே இல்லை. டெல்லி வரை எங்கள் பிரச்னை போய்ச் சேர என்ன வழி?''

- வாசகர், கோபிசெட்டிபாளையம்.

பதில்: மனுவில் பத்துக் கோரிக்கைகள் இருந்தால், அது கட்டோடு கட்டாகப் போய்விடும். ஒரே கோரிக்கை, ஒரே பக்கம் என்று இருந்தால் பதில் சொல்லாமல் தப்பிப்பது சிரமம்.

எம்.பி-யின் பெரிய பலம், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பது. மக்களவையில் ஒருநாளைக்கு 20 கேள்விகள் அமைச்சர்களின் வாய்மொழிப் பதிலுக்காகவும், 230 கேள்விகள் எழுத்து மூலமான பதிலுக்காகவும் பட்டியலிடப்படுகின்றன. எனவே, 'உதவி செய்யுங்கள்' என்று எழுதுவதைவிட, 'இந்தக் கேள்வியை அவையில் கேளுங்கள்' என்று கேள்வியாகவே எழுதிக்கொடுக்கலாம். உதாரணமாக, 'கடந்த மூன்று ஆண்டுகளில் ஈரப்பதத் தளர்வு கேட்டு மாநிலம் கடிதம் அனுப்பிய தேதி என்ன, உத்தரவு வந்த தேதி என்ன?' என்று கேட்கலாம். இரண்டு தேதிகளும் பதிவாகிவிட்டால், தாமதம் யாரால் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

கொடுக்கும் மனுவுக்கு நகல் வைத்துக்கொண்டு, விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கும். எம்.பி கேட்டாரா, இல்லையா என்று வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி செல்போனிலேயே பார்த்துவிடலாம். எம்.பி கேட்காவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் அதே விவரத்தை மத்திய அமைச்சகத்திடம் விவசாயியே கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், பாசனச் சங்கம், கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றில் இருப்பவர்கள் தீர்மானம் போட்டு அனுப்பினால் இன்னும் வலு கூடும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும்போது, சால்வைக்குப் பதிலாக அந்தத் தீர்மானத்தின் நகலைக் கையில் கொடுக்கலாம். 'இதைக் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது?' என்று நாலு பேர் நடுவில் கேட்டால், வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.