இக்கரையில் உரிமை, அக்கரையில் சிறை!

டெலாவேர் ஆறு ஓடுகிறது. இக்கரையிலே பென்சில்வேனியா மாநிலத்துப் பிலடெல்பியா நகரம். அக்கரையிலே நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரம். இரண்டையும் இணைப்பது ஒரு பாலம். காரிலே சென்றால் சில நிமிடப் பயணம். அந்தச் சில நிமிடத்திலே, நேற்றுவரை நல்ல குடிமகனாக இருந்தவர் குற்றவாளியாகிவிடலாம்! விந்தையல்லவா?

பென்சில்வேனியா அதிகாரிகள் தந்த உரிமத்துடன், சட்டைக்குள்ளே கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு ஒருவர் புறப்படுகிறார். தமது மாநிலத்திலே அவர் சட்டத்துக்கு அடங்கியவர். பாலத்தைத் தாண்டியதும் அந்த உரிமம் வெறுங் காகிதம்! பிற மாநிலம் எதனுடைய துப்பாக்கி உரிமத்தையும் நியூ ஜெர்சி ஏற்பதில்லை. உரிமமின்றி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. கார் ஓட்டும் லைசென்சு மட்டும் 50 மாநிலங்களிலும் செல்லுபடியாகும்!

வெர்மாண்ட் மாநிலம் இத்தகைய உரிமமே கேட்பதில்லை. 2024-ஆம் ஆண்டு முடிவதற்குள் 29 மாநிலங்கள் உரிமம் தேவையில்லை என்று அறிவித்துவிட்டன. 1986-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் வழிப்போக்கருக்குச் சிறு பாதுகாப்புத் தருகிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் உரிமை இருந்து, குண்டு நீக்கி, கைக்கெட்டாதபடி பூட்டி எடுத்துச் சென்றால் குற்றமில்லை. இடுப்பிலே செருகிச் செல்வோருக்கு அச்சட்டம் குடை பிடிக்காது. 2022-இல் உச்சநீதிமன்றம், தனிக் காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற நியூயார்க் சட்டத்தைச் செல்லாதென்றது. ஆனால் ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்றொன்று ஏற்றே தீரவேண்டும் என்று அத்தீர்ப்பு கூறவில்லை.

எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்ற மசோதா 2017-இல் பிரதிநிதிகள் சபையிலே நிறைவேறியது. செனட் சபையிலே நிறைவேறவில்லை. வேடிக்கை பாரீர்! மாநில உரிமை என்று முழங்கியவர்கள், மத்திய சட்டம் கொண்டு வா என்றனர். நாடு முழுதும் ஒரே துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டவர்கள், மாநில உரிமையிலே கைவைக்காதே என்றனர். கொள்கை, துப்பாக்கியின் முன்னே இடம் மாறி நின்றது!

நாம் எப்பக்கம்? கூட்டாட்சியை நம்புகிறவர்கள் நாம். தன் தெருவிலே எவர் துப்பாக்கியோடு நடக்கலாம் என்று முடிவு செய்ய ஒரு மாநிலத்து மக்களுக்கு உரிமை உண்டு. கண்டிப்பான மாநிலத்தின்மீது தளர்ந்த மாநிலத்தின் விதியைத் திணிப்பது, கூட்டாட்சியின் கழுத்தை நெரிப்பதாகும்.

ஆனால், உரிமையுள்ள அரசுக்குக் கடமையும் உண்டு. எல்லையிலே பெரிய எழுத்தில் எச்சரிக்கை எழுதட்டும். உரிமம் வழங்கும்போதே, அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை அச்சிட்டுத் தரட்டும். கொள்ளைக்கு வந்தவனையும், அறியாமல் எல்லை தாண்டிய வழிப்போக்கனையும் ஒரே தராசிலே நிறுத்தாதிருக்கட்டும். முடியாததா? 2014-இல் நியூ ஜெர்சியே, அப்படி அறியாமல் பிழைசெய்த பிற மாநில உரிமதாரரிடம் கடுமை குறைக்கலாம் என்று தன் அரசு வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டியதே!

வேலி வேண்டும், மறுக்கவில்லை. வழி நடப்பவன் காலுக்கு அது கண்ணியாகிவிடக் கூடாது!