ஓட்டு எண்ணும் முறையின் யோக்கியதை

கள்ளக்குறிச்சி பக்கத்தில் எந்த டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சைக் கேட்கலாம். “இவனை விட்டால் அவன், அவனை விட்டால் இவன். எல்லாம் நம் தலைவிதி” என்பதே அது. கடவுளை நம்பாத தோழர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் தலைவிதியை நம்பிக்கொண்டிருப்பது நமக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

1967 முதல் 2021 வரை நடந்த சட்டசபைத் தேர்தல் ஒவ்வொன்றிலும் சர்க்கார் அமைத்தது தி.மு.க. அல்லது அ.தி.மு.க. தான். இதற்குக் காரணம் ஜனங்களுக்கு வேறு புத்தி இல்லை என்பதல்ல. ஜனங்கள் ஓட்டை எப்படிப் போடுகிறார்கள் என்பதைவிட, போட்ட ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பதுதான் காரணம். ஒரு தொகுதியில் எவன் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினானோ அவனுக்கே முழு ஸ்தானமும். மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டெல்லாம் குப்பைக்கு. இதுதான் இந்த முறையின் சாரம்.

கணக்கைப் பாருங்கள். 2014 பார்லிமெண்டுத் தேர்தலில் அ.தி.மு.க. நூற்றுக்குச் சுமார் 44 ஓட்டு வாங்கி, 39 ஸ்தானத்தில் 37-ஐ எடுத்துக்கொண்டது. நூற்றுக்கு 23-க்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒரு ஸ்தானம்கூட இல்லை. 2024-ல் சக்கரம் திரும்பிற்று. தி.மு.க. அணி நூற்றுக்குச் சுமார் 47 வாங்கி 39-ஐயும் வாரிக்கொண்டது. ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு பார்லிமெண்டில் ஒரு வாய்கூடக் கிடையாது. இதற்குப் பெயர் ஜனப் பிரதிநிதித்துவமாம்!

மூன்றாவதாக ஒருவன் தலையெடுத்தால் என்ன ஆகிறது? தே.மு.தி.க. தனியே நின்று 2006-ல் நூற்றுக்கு 8-க்கு மேல் வாங்கியது. கிடைத்தது ஒரே ஸ்தானம். 2009 பார்லிமெண்டுத் தேர்தலில் நூற்றுக்குச் சுமார் 10 வாங்கியது, கிடைத்தது சூன்யம். 2011-ல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்றபோது நூற்றுக்கு 8-கூட முழுதாக வாங்கவில்லை; கிடைத்ததோ 29 ஸ்தானம்! அதன் தலைவர் விஜயகாந்த் நம் ரிஷிவந்தியத்தில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவராகவும் உட்கார்ந்தார். ஓட்டு குறைந்தது, ஸ்தானம் பெருகியது. எந்தக் கொள்கை ஜெயித்தது இங்கே? தனியே நிற்பவனைத் தண்டிக்கிறது, பெரியவனின் வாசலில் போய் நிற்பவனுக்குக் கூலி கொடுக்கிறது இந்த முறை. பிறகு கூட்டணிப் பேரத்தைக் கண்டு முகம் சுளிப்பதில் என்ன பிரயோஜனம்?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. டெல்லி ராஜ்யசபைக்கு ஆள் அனுப்ப நம் சட்டசபை மெம்பர்களே ஓட்டுப் போடுகிறார்கள். அங்கே மட்டும் விகிதாசார முறை! 2022-ல் தமிழ்நாட்டிலிருந்து 6 ஸ்தானம் காலியாயிற்று. தி.மு.க. அணிக்கு 159 மெம்பர்கள், அ.தி.மு.க.வுக்கு 66 பேர். நமக்கு வைத்திருக்கும் முறையில் எண்ணியிருந்தால் ஆறும் ஒரே பக்கம் போயிருக்கும். ஆனால் அ.தி.மு.க.வுக்கு 2 ஸ்தானம் நியாயப்படி வந்து சேர்ந்தது. தங்களுக்குள் பங்கு போடும்போது சரியான தராசு. ஜனங்களுக்கு நிறுக்கும்போது கள்ளத் தராசா என்று கேட்கிறோம்.

“விகிதாசாரம் வந்தால் நிலையான சர்க்கார் இருக்காது, எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்குப் புரியாது” என்பார்கள். 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் இந்த யோசனை வந்தபோது டாக்டர் அம்பேத்கரும் இவ்விரண்டு காரணங்களைச் சொல்லியே மறுத்தார். அன்றைய நிலைமைக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காகவே ஒரு காரியத்தை என்றைக்கும் தொடக்கூடாது என்பது சாஸ்திரக்காரர்களின் வாதமே ஒழிய நம்முடையதல்ல. கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். 1977-ல் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கி 168-ல் 140 ஸ்தானத்தைப் பிடித்தது. அந்த “நிலையான” சர்க்கார் 1982-ல் தேர்தலே வைக்காமல், ஒரு பொதுஜன வாக்கெடுப்பின் பேரால் தன் பார்லிமெண்டின் ஆயுளை நீட்டிக்கொண்டது. 1989 முதல் அங்கே விகிதாசாரத் தேர்தல்தான். தோட்டத் தொழிலாளிகூடக் கட்சிக்கு ஒரு குறியும், ஆட்களுக்கு மூன்று விருப்ப எண்களும் போட்டுவிட்டுத்தான் வருகிறான். அவனுக்குப் புரிவது நமக்குப் புரியாதோ?

இனி நம் மலைக்கு வருவோம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது, அங்குள்ளவர்களுக்கு ஓட்டு வந்ததே 1996-ல்தான் என்று 2024-ல் சென்னை ஹைகோர்ட்டில் எடுத்துச் சொல்லப்பட்டது. நாடு முழுவதும் 1952-ல் ஓட்டுப் போட்டது. மலையாளி மக்கள் அதற்குப் பிறகும் 44 வருஷம் காத்திருந்தார்கள். காத்திருந்து பெற்ற ஓட்டின் கதி என்ன? கருமந்துறைப் பக்கத்து மலை ஏற்காடு என்ற பழங்குடித் தனித்தொகுதியில். வெள்ளிமலைப் பக்கத்து மலை சங்கராபுரம் என்ற பொதுத்தொகுதியில். ஒரே மலை, ஒரே ஜனம், கோடு போட்டு இரண்டு துண்டு. சங்கராபுரத்தில் ஜெயிக்கக் கீழ்நாட்டு ஓட்டே போதும் என்றால், மலைக்கு ரோடு போடாதவனுக்கு என்ன நஷ்டம்?

2024 ஜூன் 4-ந் தேதி கள்ளக்குறிச்சி பார்லிமெண்டுத் தொகுதியில் ஓட்டு எண்ணினார்கள். ஜெயித்தவருக்குச் சுமார் 5 லட்சத்து 61 ஆயிரம். அடுத்தவருக்குச் சுமார் 5 லட்சத்து 7 ஆயிரம். அந்த 5 லட்சம் பேரின் ஓட்டுக்கு மதிப்பு பூஜ்யம். சரியாக இரண்டு வாரத்தில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கூலிக்காரர்கள், கூலி வாங்கிய கையோடு குடித்தவர்கள். சட்டசபையில் என்ன நடந்தது? ஆளும் கட்சியைப் பார்த்து எதிர்க்கட்சி “உன் ஆட்சியில்” என்றது. எதிர்க்கட்சியைப் பார்த்து ஆளும் கட்சி “உன் ஆட்சியில் நடக்கவில்லையா” என்றது. ஜூன் 26-ந் தேதி அ.தி.மு.க. மெம்பர்கள் அந்தக் கூட்டத் தொடர் முழுவதும் சஸ்பெண்டு ஆனார்கள். மலையில் ரோடு இல்லை, வைத்தியம் இல்லை, பிழைப்பு இல்லை, அதனால் ஊறல் போடுகிறான் என்கிற விஷயத்தை ஹைகோர்ட்டு தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கேட்க வேண்டியதை யாரும் தேர்ந்தெடுக்காத ஜட்ஜுகள் கேட்டார்கள்.

விகிதாசாரம் வந்த மறுநாளே சாராய ஊறல் வற்றிவிடும் என்று நாம் சொல்லவில்லை. மலையிலே விழும் ஓட்டும் மைலாப்பூரிலே விழும் ஓட்டும் ஒரே கணக்கில் சேரும். ஒரு கட்சிக்கு மலையில் ஆயிரம் ஓட்டுப் போனால் அந்த ஆயிரமும் அதன் மொத்தத்தில் குறையும் என்று மட்டுமே சொல்லுகிறோம். பயம் இருக்கிற இடத்தில்தான் ரோடு வரும். முழுதாக மாற்ற மனமில்லையென்றால், 1999-லேயே சட்டக் கமிஷன் தன் 170-வது அறிக்கையில் ஒரு நடுவழி சொன்னது. இருக்கும் தொகுதிகளை அப்படியே வைத்து, நூற்றுக்கு 25 வீதம் புது ஸ்தானம் கூட்டி, அதை மட்டும் கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதப்படி கொடுக்கச் சொன்னது. அந்த யோசனை இன்றும் காகிதத்திலேயே கிடக்கிறது.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை எந்தக் கட்சிக்காரர் வெள்ளிமலைக்குக் கும்பிட்டுக்கொண்டு வந்தாலும், இலவசம் என்ன தருவீர்கள் என்று கேட்காதீர்கள். “ராஜ்யசபைக்கு நீங்கள் எண்ணிக்கொள்கிற மாதிரி எங்கள் ஓட்டையும் எண்ணச் சம்மதமா, இல்லையா?” என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.