காலையில் மட்டும் சொட்டும் கார்



வெம்பக்கோட்டையில் குளிரா என்று நகைப்பவர் உண்டு. மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பட்டாசு ஆலைக்கு வேன் ஏறும் தாய்மாரிடம் அவர்கள் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்! காரும் அக்குளிரை அறியும். சென்ற மார்கழியில் நமது பழைய கார் நின்ற இடத்தில் காலைதோறும் உள்ளங்கை அகலத்திற்கு ஈரம் கண்டோம். சிவகாசி வரை ஓடித் திரும்பி நிறுத்தினால் துளியும் இல்லை. தானாகவே சரியாகிவிட்டது என்று பத்து நாள் நிம்மதியாக இருந்தோம். அது நமது அறியாமை.

குளிரில் இரும்பைவிட ரப்பர் பன்மடங்கு சுருங்குகிறது. நாட்பட்ட ரேடியேட்டர் ஹோஸ் இறுகி விறைத்திருப்பதால், கிளிப் பிடித்த இடத்தில் மயிரிழை இடைவெளி விழுகிறது. என்ஜின் சூடேறியதும் ரப்பர் விரிந்து அவ்விடைவெளி அடைபடுகிறது. நோய் தீரவில்லை, மறைகிறது. என்ஜின் ஆயிலோ நேர்மாறானது. குளிரில் கெட்டியாக இருந்து, ஓடிச் சூடேறிய பின்னரே இளகிக் கசியும். ஆகவே காலையிலும் பார்க்கவேண்டும், ஓடி வந்து நின்ற பின்னரும் பார்க்கவேண்டும்.

சோதனைக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. அச்சகங்கள் நிறைந்த நம் பகுதியில் தாளுக்கா பஞ்சம்? இரவில் காருக்கு அடியில் வெள்ளைத் தாளை விரித்து, முன்சக்கரம் இருக்கும் பக்கத்தைக் குறித்து வையுங்கள். காலையில் வண்டியைக் கிளப்புமுன் எடுத்துப் பாருங்கள். கறுப்பும் பழுப்புமான பிசுக்கு என்ஜின் ஆயில். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் இனிய வாடையுடன் இருப்பது கூலன்ட். அது நஞ்சு, குழந்தைகளும் நாயும் அண்டாதபடி உடனே கழுவிவிடுங்கள். கிளப்பியவுடன் சைலன்சர் முனையில் சொட்டும் தெளிந்த நீரைக் கண்டு அஞ்சவேண்டாம். அது புகையிலுள்ள நீராவி குளிர்ந்து உண்டாவதே.

பெட்ரோல் வாடை வந்தாலோ, வண்டியைக் கிளப்பவே கூடாது. அதன் ஆவி எந்தக் குளிரிலும் தீப்பற்றும். காற்றைவிடக் கனமாதலால் தரையோடு பரவும். தீக்குச்சி கிழித்துக் குனிந்து பார்க்கும் துணிச்சல்காரர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வெடிமருந்தோடு வாழும் ஊரில் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது!

நமது காருக்கு வருவோம். ஹோஸை மாற்றவந்த மெக்கானிக், பின்சக்கரத்தின் உட்புறத்தைத் தடவி விரலை நம்மிடம் நீட்டினார். மெல்லிய மஞ்சள் நிறம், தண்ணீர்போல் இலேசு, ஆனால் வழுக்கல். பிரேக் ஆயில்! வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து, அதுவும் குளிரில் கசிந்திருக்கிறது. சக்கரத்தின் உட்புறத்திலேயே வழிந்து நின்றதால் நமது தாளில் விழவில்லை. என்ஜின் ஆயில் குறைந்தால் ஊற்றிக்கொண்டு ஓட்டலாம்; இதை ஊற்றி ஊற்றி ஓட்டலாகாது.

அவ்வாரம்தான் பீடச் சிறுவர் நால்வரைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தோம். இரவில் பத்துப் பாகைக்கும் கீழே குளிர் இறங்கும் மலை அது. காலையில் அங்கிருந்து வத்தலக்குண்டு வரை வளைந்து வளைந்து இறக்கம். பயணத்தை மூன்று நாள் தள்ளிவைத்தோம். சிறுவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். காரணத்தை அவர்களிடம் நாம் சொல்லவில்லை.