மண்வெட்டியோடு வந்தால்தான் அஸ்வெசுமவா?



கொஞ்ச நாளாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு ஓடுகிறது. "அஸ்வெசும எடுக்கிற ஆக்கள் சும்மா எடுக்கக் கூடாது. மாதத்தில் ரெண்டு நாளாவது வந்து வடிகான் துப்புரவாக்கட்டும், பாடசாலை வளவைக் கூட்டட்டும்." இதற்கு லைக் போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து, நாலு பேர் உள்ள மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 146 ரூபாவும் வராது. இதை வைத்துக்கொண்டு யார் காலாட்டிக்கொண்டு இருக்க முடியும்? அவர்கள் ஏற்கனவே உழைக்கிறவர்கள். கடலுக்குப் போகிறார்கள், மேசனுக்குக் கையாளாக நிற்கிறார்கள், இடியப்பம் அவித்து விற்கிறார்கள். ஒரு நாள் மறித்தால் அன்றைய கூலி போய்விடும். உழைக்க முடியாதவர்களை என்ன செய்வீர்கள்? கணவன் மௌத்தாகி இத்தாவில் இருக்கிற பெண்ணின் கையிலும் விளக்குமாறு கொடுப்பீர்களா?

"எங்கட வரிக்காசு" என்கிறீர்கள். அவர்களுடைய வரியும் அதில் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். ஒரு சவர்க்காரக் கட்டிக்கு முதலாளி கட்டுகிற வரியைத்தான் அந்த உம்மாவும் கட்டுகிறா. அதே அரசாங்கம் முதலாளியின் பிள்ளைக்கும் இலவசப் பாடப்புத்தகம் தருகிறது. அதற்காக எந்த முதலாளியையும் பாடசாலை கூட்ட நாங்கள் கூப்பிட்டதில்லை. ஏழைக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் கூலி கேட்கிறோம்?

சிலர் கோடரி ஹதீஸைக் கொண்டுவருகிறார்கள். நல்லது, முழுவதையும் வாசியுங்கள். கேட்டு வந்த மனிதரின் போர்வையையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் ஏலத்தில் விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு, மற்றதுக்குக் கோடரி. முதலில் வீட்டாரின் பசிக்கு வழி. கோடரிக்குத் தன் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். வெட்டிய விறகும் விற்ற காசும் அவருக்கே. "பள்ளியைக் கூட்டிவிட்டு வா, அப்புறம் தருகிறேன்" என்று சொல்லவில்லை. தொழிலுக்கு வழி செய்து கொடுப்பது சுன்னத். சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவதற்கு அந்த ஹதீஸில் ஆதாரம் இல்லை.

மாடி வீட்டுக்காரரும் எடுக்கிறார் என்பீர்கள். உண்மையாக இருக்கலாம். அப்படியானால் பிரதேச செயலகத்தில் ஆட்சேபனை கொடுங்கள், அதற்கு வழி இருக்கிறது. சிரமதானம் வைத்து அவரைப் பிடிக்க முடியாது. அவர் கூலிக்கு ஆள் அனுப்புவார். வெயிலில் நிற்கப்போவது உண்மையான ஏழைதான்.

இது புதுசும் இல்லை. சமுர்த்தி காலத்தில் சிரமதானத்துக்கும் கூட்டத்துக்கும் ஆள் சேர்த்ததை மறந்துவிட்டோமா? வராவிட்டால் முத்திரை வெட்டுப்படும் என்ற பயம் எத்தனை பேரை அரசியல்வாதியின் மேடைக்கு முன்னால் உட்கார வைத்தது? உரிமைக்கு நிபந்தனை போட்டால், நிபந்தனையைக் கையில் வைத்திருப்பவருக்கு ஏழை அடிமையாகிவிடுவான்.

எனக்கு இதில் பெரிய கவலை வகுப்பறைதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஜன்னலால் பார்க்கிறது. வெளியே கூட்டுகிறது அதன் உம்மா. ஏன் கூட்டுகிறா என்று பக்கத்துப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பாடம் நடத்துவது?

வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுக்கப் பழகிய சமூகம் நாங்கள். எடுப்பவரை ஊர் பார்க்க வரிசையில் நிறுத்துவது எங்கள் பழக்கமாக வேண்டாம்.

பள்ளி நிர்வாகத்திடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். வடிகான் துப்புரவாக வேண்டும், மறுக்கவில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு மைக்கில் அறிவியுங்கள். டொக்டரும் வரட்டும், ஹாஜியாரும் வரட்டும், நானும் வருகிறேன். அஸ்வெசும பட்டியலை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் தருகிறேன். யாருடைய பெயரையும் இழுக்க வேண்டாம்.