காத்திருப்பதும் பயிற்சியே

தேக்குவாண்டோ, கராத்தே, சீலாட், சிலம்பம் எனப் பல தற்காப்புக் கலைகளை இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஆர்வத்துடன் பயில்கின்றனர். பயிற்சியின்போதோ போட்டியின்போதோ முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டு, அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் நிலை அவர்களுள் சிலருக்கு வருகிறது. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் ஒரு கேள்வி எழுகிறது. மீண்டும் எப்போது பயிற்சிக்குச் செல்லலாம்? ‘வலிதான் போய்விட்டதே, நாளைக்கே போகலாம்’ என்கிறது இளமனம். ‘பட்டது போதும், இனி அந்தப் பக்கமே போக வேண்டாம்’ என்கிறது பெற்றோர் மனம். முதல் முடிவு அவசரத்தில் பிறப்பது. இரண்டாவது அச்சத்தில் பிறப்பது. காலின் வலிமையை முறையாகச் சோதித்துப் பார்த்து எடுக்கும் முடிவே பாதுகாப்பானது.

இதற்கு முழங்காலின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்புகளையும் நான்கு முக்கியத் தசைநார்கள் பிணைத்து வைத்திருக்கின்றன. அவற்றுள் இரண்டு, மூட்டின் நடுவில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. அவ்விரண்டில் முன்புறம் உள்ள தசைநார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் காக்கிறது. தேக்குவாண்டோவில் சுழன்று உதைக்கும்போது, உடலின் முழு எடையும் தரையில் ஊன்றிய ஒற்றைக் காலின்மீது திரும்புகிறது. எகிறி உதைத்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போதும், சிலம்பத்தில் சட்டெனத் திசைமாறிக் காலடி வைக்கும்போதும் முழங்கால்தான் அந்த விசையைத் தாங்குகிறது. பாதம் தரையில் நிலைத்து நிற்க, முழங்கால் மட்டும் திருகிக்கொண்டால் அந்தத் தசைநார் அறுந்துபோகக்கூடும்.

அறுந்த தசைநாருக்குப் பதிலாக, பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே வேறொரு நாரை எடுத்து மருத்துவர்கள் பொருத்துகின்றனர். தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ அதனை எடுப்பது வழக்கம். பொருத்திய நாருக்குள் புதிய இரத்தக் குழாய்கள் வளர வேண்டும். உடல் அதனைச் சிறிது சிறிதாகத் தசைநாராக மாற்றியமைக்க வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகும். இம்மாற்றத்தின் தொடக்கக் கட்டத்தில், பொருத்திய நாளில் இருந்ததைவிட அந்த நார் வலுக்குறைந்தே இருக்கும். அதே காலத்தில்தான் வீக்கம் வடிகிறது, வலி குறைகிறது, நடப்பதும் படியேறுவதும் எளிதாகின்றன. வெளியே குணமடைந்ததுபோல் தோன்றும் கால், உள்ளே இன்னும் முதிராமல் இருக்கிறது. வலியின்மையை வலிமை என்று எண்ணுபவர் ஏமாந்துபோவது இங்கேதான்.

அவசரத்தின் விளைவை ஆய்வுகளும் காட்டுகின்றன. நோர்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 106 பேரை இரண்டாண்டுகள் கண்காணித்து, 2016ஆம் ஆண்டு தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். குதித்தலும் சட்டெனத் திரும்புதலும் நிறைந்த விளையாட்டுகளுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போட்டபோது, ஒவ்வொரு மாதத்திற்கும் மறுகாயம் ஏற்படும் விகிதம் 51 விழுக்காடு குறைந்தது. மாணவர் ஒருவர் ஒரு மாதம் பொறுத்திருப்பதன் மதிப்பு இவ்வளவு பெரியது.

அப்படியானால், நாள்காட்டியில் ஒன்பது மாதங்களை எண்ணி முடித்தால் போதுமா? போதாது. அறுவை சிகிச்சைக்குப் பின் தொடைத்தசை மெலிந்துவிடுகிறது. அதனை மீண்டும் வளர்க்காமல் வெறுமனே நாள்களைக் கடத்தினால், ஆண்டு ஒன்றானாலும் கால் தேறாது. எனவேதான் இயன்முறை மருத்துவர்கள் இரு கால்களின் தொடைத்தசை வலிமையையும் ஒப்பிட்டு அளக்கின்றனர். ஒற்றைக் காலால் எவ்வளவு தூரம் தாண்ட முடிகிறது என்றும் பார்க்கின்றனர். காயம்பட்ட கால், மற்றக் காலின் ஆற்றலில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மேற்கூறிய ஆய்வில், இத்தகைய சோதனைகளில் தேறாமலேயே விளையாடச் சென்றவர்களுள் 38 விழுக்காட்டினர் மீண்டும் காயமுற்றனர். தேறிச் சென்றவர்களுள் அவ்வாறு காயமுற்றோர் 6 விழுக்காட்டிற்கும் குறைவு.

பெற்றோரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. இளம் வயதினருக்கு மறுகாயம் ஏற்படும் வாய்ப்பு மிகுதி என்பது உண்மையே. எனினும், அந்த அச்சமே முடிவாகிவிடக் கூடாது. இந்திய மற்போர் வீராங்கனை வினேஷ் போகாட்டின் வாழ்க்கை இதற்குச் சான்று. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் முழங்காலில் காயமுற்ற அவரைத் தூக்குப் படுக்கையில் வைத்தே வெளியே கொண்டு சென்றனர். அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் கழித்து, 2017 மே மாதம் ஆசிய வெற்றியாளர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்று, அப்போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்திய மற்போர் வீராங்கனை எனும் பெருமையை அடைந்தார். காயம் ஒருவரின் பயணத்தை நிறுத்தி வைக்கலாம். அதனை முடித்துவிட வேண்டியதில்லை.

காத்திருக்கும் மாதங்களும் வீணானவை அல்ல. ஜப்பானியத் தற்காப்புக் கலைகளில் ‘மித்தோரி கேய்கோ’ என்றொரு முறை உண்டு. பிறர் பயிற்சி செய்வதைக் கூர்ந்து பார்த்துக் கற்பதே அது. காயமுற்ற மாணவரும் பயிற்சிக் கூடத்திற்கு வந்து ஓரமாக அமர்ந்து, தோழர்களின் காலடியையும் இடைவெளியையும் நேரத்தையும் கவனிக்கலாம். மருத்துவர் அனுமதித்தால் கைப்பயிற்சிகளைச் செய்யலாம். பின்னர், நின்ற இடத்தில் மெதுவாக உதைத்தல், சுழற்சிப் பயிற்சி, தாவி இறங்குதல் எனப் படிப்படியாக முன்னேறலாம். எதிராளியுடன் மோதும் பயிற்சி கடைசிப் படியாகவே இருக்க வேண்டும்.

இதில் பயிற்றுநர்களின் பொறுப்பு பெரிது. பட்டைத் தேர்வு நெருங்குகிறது, போட்டிக்கு ஆள் தேவைப்படுகிறது என்பதற்காக ஒரு மாணவரைக் களத்தில் இறக்குவது முறையாகாது. ‘இன்னும் வலிக்கிறதா?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘சோதனையில் தேறிவிட்டாயா?’ என்றும் அவர்கள் கேட்க வேண்டும். தோழர்களும் ‘பயந்துவிட்டாயா?’ என்று கேலி செய்வதைத் தவிர்த்து, காத்திருப்பவருக்கு ஊக்கமளிக்க வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். உடலை அடக்கி ஆளக் கற்பிப்பது தற்காப்புக் கலை. களத்தில் இறங்கத் துடிக்கும் மனத்தை அடக்கி, கால் தயாராகும்வரை பொறுத்திருக்கும் மாணவர், அக்கலையின் கடினமான பாடத்தைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். பட்டைத் தேர்வு அடுத்த ஆண்டும் வரும். முழங்கால்களோ வாழ்நாள் முழுவதும் உழைக்க வேண்டியவை.