ஊற்றுநீரைக் காக்க இதுவே வேளை

மலைத் தண்ணீர் தானாகவே சுத்தமானது என்ற நம்பிக்கை இனி ஆபத்தானது. கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் ஊற்றும் ஓடையும் கிணறும்தான் காலங்காலமாகத் தாகம் தீர்த்து வந்திருக்கின்றன. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து விடுமுறைதோறும் கூட்டம் ஏறி வருகிறது. அத்தனை பேரின் கழிவும் எங்கே போகிறது என்று கேட்கும் பொறுப்பு யாருடையது?

கழிவு கலந்த நீரில் பரவும் கிருமிகளில் காலராக் கிருமியைப் போல ஆயுதபாணி அரிது. 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, முயல் குடலில் செய்த சோதனையால், ஆளைக் கொல்வது அது கக்கும் நஞ்சே என்று காட்டினார். நஞ்சின் ஒரு பகுதி குடல் செல்லைப் பற்றிக்கொள்கிறது. மறுபகுதி உள்ளே புகுந்து உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியே கொட்டவைக்கிறது. நோய் முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் போய்விடும்.

இந்த நஞ்சைவிட நம்மைக் கவலைகொள்ளச் செய்வது அந்தக் கிருமியின் இன்னொரு ஆயுதம். 2006இல் காலராக் கிருமி அமீபாக்கள்மீது அதைப் பிரயோகிப்பது தெரியவந்தது. பக்கத்திலிருக்கும் பாக்டீரியாக்களையும் அதைக் கொண்டு கொல்கிறது என்பது பின்னர் உறுதியானது. கிருமிக்குள் ஒரு குழாய், அதைச் சுற்றி ஓர் உறை. உறை சட்டெனச் சுருங்கியதும் குழாய் ஈட்டியாகப் பாய்ந்து அண்டைக் கிருமிக்குள் நஞ்சைச் செலுத்துகிறது. 2015இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதிர்ச்சியான ஒன்றைச் சொன்னார்கள்: இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டின்மேல் வளரும்போது, குத்திக் கொன்ற கிருமியின் மரபுப்பொருளையும் இது எடுத்துக்கொள்கிறது. செத்த கிருமியிடம் மருந்தை எதிர்க்கும் மரபணு இருந்தால் அதுவும் இதன் சொத்தாகலாம்.

சாதாரணப் பேதிக்கும் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் பழக்கம் எவ்வளவு கொடியது என்பது இங்கேதான் புரியும். தாக்குப்பிடிக்கும் கிருமிகளை நாமே வளர்த்துக் கழிவோடு ஓடையில் விடுகிறோம்.

தூரத்து ஊர்க் கதையல்ல காலரா. ஓ139 என்ற புதிய காலரா வகை 1992 இறுதியில் சென்னையில்தான் தலைகாட்டியது. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று.

மாவட்ட நிர்வாகம் குடிநீர் ஊற்றுகளுக்கு மூடியும் சுற்றுச்சுவரும் அமைத்து, குளோரின் அளவைத் தவறாமல் சோதிக்க வேண்டும். விடுதிகளின் கழிவுத் தொட்டிகளைத் தணிக்கை செய்யாமல் உரிமம் புதுப்பிக்கக் கூடாது. பேதி கண்டவுடன் உப்பு சர்க்கரைக் கரைசல் ஒவ்வொரு வீட்டிலும் கைக்கெட்ட வேண்டும். ஒரே ஊரில் இரண்டு மூன்று பேருக்குப் பேதி வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மல மாதிரி ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும். அடுத்த மழைக்கு முன் இத்தனையும் நடந்தாக வேண்டும்.